சிணுங்கும் மெத்தையோடு பெங்களூருக்கு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் செல்போன் குழுவில், நான் பெங்களூர் போய்வந்ததை எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். முகம் தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடி இல்லாத மாடிப்படியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியாது. சூடு தெரியாது, எறும்பு கடித்தால் தெரியாது, வலி தெரியாது. வலி இல்லாவிட்டால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? ஒரே இடத்தில் அழுத்தி உட்கார்ந்திருந்தால் தோல் செத்துப் புண்ணாகிவிடும். அது வருவது எனக்குத் தெரியாது. யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. போன தடவை வந்தபோது நாலு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். நாலு மாதமும் நான் பார்த்தது கட்டில் காலையும் சிமெண்ட் தரையையும்தான். மறுபடி அப்படி ஒரு படுக்கை வருமென்றால் செத்துப்போகலாம் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

ஒசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் கம்பெனிப் பையன்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். வீல்சேரில் உட்கார்ந்தபடி கிரைண்டரில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு அந்தப் பையன்களுக்கு விற்கிறேன். வீட்டில் மூன்று பேர். நான், கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் சரவணன், என் வீட்டுக்காரரின் தங்கை மல்லிகா. வீட்டுக்காரர் இப்போது இல்லை. என்னைத் தூக்கி இறக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் மல்லிகாதான். நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

போன புண் ஆறியதும் பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஒரு மெத்தை கொடுத்தார்கள். வீல்சேரில் போட்டு அதன்மேல் உட்கார வேண்டும். உள்ளே ஏதோ சென்சார் இருக்கிறது. ரொம்ப நேரம் அசையாமல் உட்கார்ந்தால் செல்போன் சிணுங்கும். உடனே இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தூக்கினால் பச்சை, தூக்காவிட்டால் சிவப்பு. அந்தக் கணக்கு ஆஸ்பத்திரிக்கே போய்விடும். ராத்திரி தூங்கப் போகும்போது செல்போன் ஒரு பச்சை வட்டத்தைக் காட்டி, இன்று மிகச் சிறப்பாக எழுந்தீர்கள் என்று வாழ்த்தும். எழுந்திருக்க முடிந்தால் உன்னை ஏன் வாங்குகிறேன் என்று மனதுக்குள் திட்டிக்கொள்வேன்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் குளிப்பாட்டும்போது மல்லிகா பேச்சை நிறுத்தினாள். அவள் பேச்சு நின்றால் எனக்குப் பயம்.

"என்னாடி?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. பொட்டு அளவுக்குச் செவப்பா கீது."

ஆஸ்பத்திரிக்கு வீடியோவில் பேசினோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நிதானமாகச் சொன்னாள்: "உங்க ரீடிங் எல்லாம் பச்சையா இருக்கும்மா. புண் வர வாய்ப்பே இல்லையே."

"புண்ணு என்னா ஒங்க ரீடிங்க கேட்டுக்கினா வருது?" என்றாள் மல்லிகா.

அப்படியானால் ஆப்பில் படம் எடுத்துப் போடுங்கள் என்றார்கள். உட்காரும் இடத்தைப் படம் எடுத்து ஊர் தெரியாத ஆண்களுக்கு அனுப்புவதா? சம்மதிக்க எனக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆனது. முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டேன், மல்லிகா எடுத்தாள். போட்டால், இந்தப் படம் விதிகளுக்குப் பொருந்தாது என்று வந்தது. மறுபடி போட்டாலும் அதேதான். ஆபாசம் என்று நினைத்துவிட்டதாம். நான் மானத்தை விட்டு எடுத்த படத்தைப் பார்த்து, மானம் இல்லையா என்று ஒரு செல்போன் என்னைக் கேட்கிறது. கோபத்தில் அழுகையே வரவில்லை.

கடைசியில் நேரில் வாருங்கள் என்றார்கள். புண் உட்காருவதால் வருகிறது. அதைக் காட்ட அரை நாள் உட்கார்ந்து போக வேண்டும். இது யாருக்கும் தவறாகப் படவில்லை.

சரவணனுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மல்லிகாவும் பாஷா பாயின் ஆட்டோவில் கிளம்பினோம். பாய் எங்கள் தெருக்காரர். என்னை ஏற்றும்போது மல்லிகா அக்குளில் பிடிப்பாள், பாய் காலைப் பிடிப்பார். பிடிக்கும்போது முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்வார். அதற்காகவே அவர் வண்டியில் மட்டும் ஏறுவேன். மடித்த வீல்சேரைப் பின்னால் கயிற்றால் கட்டினோம். மெத்தையை என் கீழே போட்டோம்.

சானமாவு காட்டுக்குள் நுழைந்ததும் வண்டிகள் வரிசையாக நின்றன. வனத்துறை ஆள் கம்பை நீட்டிக்கொண்டு, "யானை ரோட்டுக்கு அந்தாண்ட கீது, யாரும் நவுறாதீங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். ராகி அறுப்பு முடிகிற சமயத்தில் இது வழக்கம்தான். மற்ற நாளாக இருந்தால் நானும் எட்டிப் பார்த்திருப்பேன். அன்றைக்கு எனக்கு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பின்னால் என்ன ஆகிறதோ என்றுதான் இருந்தது.

எல்லோரும் என்ஜினை நிறுத்திவிட்டு மூச்சுவிடாமல் இருந்தார்கள். அப்போது பார்த்து என் மடியிலிருந்த செல்போன் சிணுங்கியது. "தயவுசெய்து உங்கள் உடலைச் சற்று உயர்த்தவும்" என்று ஒரு பெண் குரல், கல்யாண மண்டபத்தில் அறிவிப்பதுபோல.

"யம்மா, அத மொதல்ல அமுக்கு! யானை ஒடம்பத் தூக்கிக்கினு வந்துரப் போவுது!" என்றார் பாய்.

அமுக்கத் தெரியவில்லை. ஆட்டோவில் கை ஊன்ற இடமும் இல்லை. மல்லிகா என்னை அக்குளில் பிடித்துத் தூக்கினாள். பக்கத்தில் கம்பெனி பஸ்ஸில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஜன்னல் வழியாக யானையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டேன்.

ஜூஜுவாடி தாண்டினால் கர்நாடகா. பாய் வண்டிக்கு அந்தப் பக்கம் பர்மிட் கிடையாது. எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளி வரைக்கும் கண்டுகொள்ள மாட்டார்கள். அங்கே எங்களை இறக்கிவிட்டு, வேறு வண்டி பிடித்துத் தரப் பார்த்தார். பாய்க்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நாலும் வரும். நாலிலும் கேட்டார். வீல்சேரைப் பார்த்ததும் ஆட்டோக்காரர்கள் நாலு மொழியிலும் முடியாது என்றார்கள். செல்போனில் கூப்பிட்ட கார் ஒன்று வந்தது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கிச் சேரைப் பார்த்தார், ஏற்றிக்கொண்டு போய்விட்டார், கண்ணாடியைத்தான். பின்னாலேயே, பயணம் எப்படி இருந்தது, நட்சத்திரம் போடுங்கள் என்று செய்தி வந்தது.

"நட்சத்திரமா? செருப்பு படம் இருந்தா போடறேன்" என்றாள் மல்லிகா.

கடைசியில் சித்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். தெலுங்கில்தான் பேசினார். தன் அம்மாவும் படுக்கையில் இருப்பதாகவும், ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆயிரம் பொத்தான் கொடுத்தாலும் தண்ணீர் கொடுக்க ஒரு கை வேண்டும் என்றும் சொன்னார். எனக்குத் தெலுங்கு பாதிதான் புரியும். அந்தப் பாதி போதுமாக இருந்தது.

எங்கள் ஊர் சாலையில் பள்ளம் இருக்கும், வண்டி ஓடும். பெங்களூரில் பள்ளமும் இருக்கிறது, வண்டியும் ஓடவில்லை. மேம்பாலத்துக்குக் கீழே நின்று நின்று போனோம். செல்போன் கன்னடத்தில் வரவேற்றது, பிறகு தமிழில் உடம்பை உயர்த்தச் சொன்னது.

ஆஸ்பத்திரி நன்றாகவே இருந்தது. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. வழுவழுப்பான தரை, வீல்சேர் கொஞ்சம் தள்ளினாலே ஓடியது. உள்ளே போனதும் டோக்கன் எடுக்க ஒரு பெட்டி, அதில் தொடுகிற திரை. அந்தத் திரை நிற்கிற ஆளின் முகத்துக்கு நேராக இருந்தது. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் நிற்க முடியாதவர்கள். நான் கையை உயர்த்தினால் அதன் அடிப்பாகம்தான் எட்டியது. மல்லிகா தொட்டாள். பெயர் கேட்டது, நம்பர் கேட்டது, பிறகு ஓடிபி அனுப்பியிருக்கிறேன் என்றது.

எங்கே அனுப்பியது? சரவணன் செல்போனுக்கு. மெத்தை வாங்கியபோது அவன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். சரவணன் கம்பெனியில் உள்ளே செல்போன் கூடாது. கேட்டிலேயே வாங்கி ஆளுக்கொரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஷிப்ட் முடிந்துதான் கையில் வரும். ஒசூர்ப் பக்கம் பாதி வீடுகளில் இதே கதைதான். பகலில் அவசரம் என்றால் நாங்கள் யாரும் மகனைக் கூப்பிடுவதில்லை, பெட்டியைத்தான் கூப்பிடுகிறோம்.

ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் மல்லிகா மூன்று மொழியும் கலந்து மன்றாடினாள். "ஆளு நேர்லயே வந்து ஒக்காந்துக்கினு கீறாங்க. மூஞ்சப் பாரும்மா. இதுக்கு மேல என்னா நம்பர் ஓணும்?"

அந்தப் பெண் கன்னடத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: உங்களைத் தெரிகிறது, ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, நம்பர் இல்லாமல் உங்கள் கணக்கு திறக்காது, கணக்கு திறக்காமல் டாக்டர் பார்க்க முடியாது.

"கம்பெனியில பொட்டி தெறக்கல, இங்க கணக்கு தெறக்கல" என்று மல்லிகா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் உட்காரலாம். நான்தான் உட்காரக் கூடாது.

காத்திருக்கும் கூடத்தில் எனக்குப் பக்கத்தில் வீல்சேரில் ஒரு பெண் இருந்தாள். கோலார்ப் பக்கம், வயது முப்பதுக்குள். கை நிறையக் கண்ணாடி வளையல். அவளும் தெலுங்கு. என்ன விஷயம் என்று கேட்டாள். மல்லிகா சொன்னாள். அந்தப் பெண் உடனே என்னிடம், "அப்புறம் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? அந்த நீள பெஞ்சில் படுங்கள்" என்றாள்.

இவ்வளவு பேர் நடுவிலா, வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"இங்கே யார் உங்களைப் பார்க்கிறார்கள்? எல்லோரும் டோக்கனைப் பார்க்கிறார்கள்" என்றாள் அவள்.

உண்மைதான். எல்லோர் கண்ணும் சிவப்பு எழுத்தில் ஓடும் நம்பர்மேல் இருந்தது. மல்லிகாவும் ஆஸ்பத்திரி ஆயாவும் என்னைப் பெஞ்சுக்கு மாற்றினார்கள். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தேன். முதல் கொஞ்ச நேரம் காது சூடாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அந்தப் பெண் படுத்திருந்த என் முதுகோடு பேசிக்கொண்டே இருந்தாள். அவள் செல்போன் அவளைத் தினமும் நடக்கச் சொல்கிறதாம். நடக்காவிட்டால் சோம்பேறித்தனம் உடம்புக்கு ஆகாது என்று புத்தி சொல்கிறதாம். "என் மாமியார்கூட அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்" என்றாள். நான் சுவரைப் பார்த்துச் சிரித்தேன்.

மல்லிகா கேண்டீனில் களி வாங்கி வந்தாள். அங்கே அதை முத்தை என்கிறார்கள். களி நம்முடையதுதான், நன்றாகவே கிண்டியிருந்தார்கள். ஆனால் ஊற்றிக் கொடுத்த சாம்பார் தித்தித்தது. களிக்கு வெல்லம் போட்ட சாம்பாரா! கீரைக் கடைசலுக்கு நாக்கு ஏங்கியது. படுத்தபடி நாலு உருண்டை விழுங்கினேன்.

ஷிப்ட் முடிந்து சரவணன் பதறிக்கொண்டு செல்போனில் நம்பரைச் சொன்னான். மல்லிகா ஓடிப்போய் அழுத்தினாள். நேரம் கடந்துவிட்டது, வேறு நம்பர் கேளுங்கள் என்றது. வேறு நம்பர் வந்து கணக்கு திறந்தபோது டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தார்.

கூட வருகிறவர்கள் தங்குவதற்கென்று இருந்த பெரிய அறையில் கட்டில் கிடைத்தது. அன்றைக்கு எனக்கு நடந்த ஒரே நல்லது அந்தக் கட்டில்தான்.

மறுநாள் காலையில் டாக்டர் பார்த்தார். நடு வயது, நல்ல மனிதர். பெங்களூர்த் தமிழ் பேசினார். பக்கத்தில் ஒரு சிஸ்டர். என்னைத் திருப்பிப் படுக்கவைத்துச் சேலையை விலக்கினார்கள். நான் கண்ணை மூடவில்லை. என் முகத்துக்கு எதிரே மல்லிகா நின்றிருந்தாள். பின்னால் என்ன செய்கிறார்கள் என்பது எனக்கு அவள் முகத்தில்தான் தெரியும்.

டாக்டர் பஞ்சு சுற்றிய குச்சியைப் புண்ணுக்குள் விட்டு ஆழம் பார்த்தார். இதை அவர் வாயால் சொன்னார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மல்லிகா முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு தன் புடவையைக் கொத்தாகப் பிடித்தாள். குச்சி இன்னும் போகிறது என்று புரிந்துகொண்டேன். அவள் மூச்சை விட்டபோது குச்சி வெளியே வந்துவிட்டது என்றும் புரிந்தது. என் புண்ணுக்கு அவளுக்கு வலித்தது.

"எலும்பைத் தொடலை" என்றார் டாக்டர். "தொட்டிருந்தா ஆபரேஷன்தான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தொட்டிருக்கும்."

பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பித் தலையைச் சொறிந்தார். "ஆனா எனக்கு ஒண்ணு புரியலைம்மா. உங்க மெத்தை இவ்வளவு நல்ல ரிப்போர்ட் கொடுக்குது. இப்படி இருக்கறவங்களுக்குப் புண் வரக் கூடாது."

திரையில் மலை மாதிரி ஒரு கோடு ஓடியது. அவர் விரலை வைத்துக் காட்டினார். "காலையில அவ்வளவா தூக்கலை. மத்தியானமும் சுமார்தான். ஆனா ராத்திரி ஏழு மணிக்கு மேல பாருங்க, அடிக்கடி எழறீங்க. மெத்தையை விட்டு முழுசா தூக்கறீங்க. சின்ன வயசுப் பசங்ககூட இப்படிச் செய்யறது இல்ல. அதனால மொத்தத்துல பச்சை வந்துடுது."

காலையில் தூக்காதது உண்மை. மாவுக் கையோடு கைப்பிடியை ஊன்றினால் வழுக்கும். செல்போன் சிணுங்கும், கை கழுவிவிட்டுத் தூக்கலாம் என்று நினைப்பேன், அடுத்த ஈடு உளுந்து காத்திருக்கும். ராத்திரி பச்சை வந்துவிடுகிறதே, செய்தது போதும்போல என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் ஏழு மணிக்கு மேல்?

"ஏழு மணிக்கு நான் கட்டில்ல படுத்திருப்பேனுங்க" என்றேன். அந்த அறையில் நான் வாயைத் திறந்தது அதுதான் முதல்.

"அப்ப மெத்தையில யாரு?" என்றார் டாக்டர்.

நானும் அவரும் ஒன்றாகத்தான் மல்லிகாவைப் பார்த்தோம்.

அவள் முகம் சுண்டிவிட்டது. எங்கள் வீட்டில் உட்காரும்படியான நாற்காலி வேறு கிடையாது. என்னைக் கட்டிலுக்கு மாற்றியதும் வீல்சேர் காலியாக இருக்கும். மல்லிகா அதில் ஏறிக்கொண்டு டிவி சீரியல் பார்ப்பாள். விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து ஓடிக் குழம்பைக் கிண்டிவிட்டு வருவாள். ஒரு சீரியலா, இரண்டு சீரியலா! அத்தனை விளம்பரத்துக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அதை எல்லாம் அந்த மெத்தை என் கணக்கில் எழுதிவிட்டது. எனக்கு வந்த வாழ்த்தெல்லாம் அவளுக்கு வந்தது.

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். டாக்டருக்கும் சிரிப்பு வந்திருக்கும், ஆனால் சிரிக்கவில்லை.

"நா என்னா வேணும்னா ஒக்காந்தேன்?" என்றாள் மல்லிகா. "நாளெல்லாம் நின்னுக்கினே கீறேன் சார். அது மெத்துனு இருந்துச்சு. அதுல ஒக்காந்தா எங்க அண்ணிக்குப் புண்ணு வரும்னு யாராவது சொன்னீங்களா? அத்தன பெரிய மெத்த, ஒக்கார்றது அண்ணியா நாத்தனாவானு தெரியலன்னா, அது என்னாத்துக்கு சார்?"

ஆளை அடையாளம் பார்க்கும் வசதி புது மெத்தையில் வருகிறது என்று டாக்டர் சொன்னார். எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மெத்தைமேல் வைப்பதா, பச்சையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காதவர்கள்மேல் வைப்பதா, சிணுங்கியும் தூக்காத என்மேல் வைப்பதா? மல்லிகாமேல் வைக்க மட்டும் மனம் வரவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் சேலையைச் சரிசெய்தாள்.

டாக்டர் பழையபடி சொன்னார். உட்காரக் கூடாது. புண் மூடும்வரை குப்புறவும் ஒருக்களித்தும்தான் படுக்க வேண்டும். எத்தனை நாள் என்று இப்போது சொல்ல முடியாது.

நான் தலையாட்டவில்லை. மாவு வேலை நின்றுபோகும், பையன்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்றெல்லாம் மனதில் ஓடியது. அதைவிட, அந்தக் கட்டில் கால். பொட்டு அளவுப் புண்ணுக்கு இவ்வளவா, பாதி நேரமாவது உட்கார்ந்துகொள்கிறேன் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் சிஸ்டர் புண்ணைப் படம் எடுத்து டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் மல்லிகாவிடம் காட்டி, ஓரத்தில் இப்படி நிறம் மாறினால் உடனே சொல்ல வேண்டும் என்று விளக்கினார். மூன்று தலைகள் அந்தச் செல்போன்மேல் குனிந்திருந்தன.

பெங்களூர்வரை வந்து எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள். நான் பார்க்கவில்லை. போன தடவையும் பார்க்கவில்லை. யாரும் காட்டவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு நானும் கேட்டதில்லை.

"எனக்குக் காட்டுங்க" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது.

"வேணாம் அண்ணி" என்றாள் மல்லிகா.

"எம்மேல தான கீது? காட்டச் சொல்லு."

சிஸ்டர் செல்போனை என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். அது பொட்டு அளவு இல்லை. என் உள்ளங்கைக் குழி அளவு. ஓரமெல்லாம் கருஞ்சிவப்பு, நடுவில் மஞ்சள் பூத்து, உள்ளே ஒரு விரல்நுனி போகும் பள்ளம். அது என் உடம்பு என்று நம்பவே முடியவில்லை. இதன்மேலா நான் உளுந்து அரைத்தேன்? இதன்மேலா சானமாவில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன்? ரொம்ப நேரம் பார்த்தேன். சிஸ்டருக்குக் கை வலித்திருக்கும்.

"படுத்துக்கறேன்" என்றேன்.

வாரம் ஒரு தடவை படம் அனுப்பச் சொன்னார்கள். அந்த ஆப்பில் போனால் மறுபடி ஆபாசம் என்று சொல்லுமே என்றாள் மல்லிகா. சிஸ்டர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் தன் சொந்த நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் திரும்பினோம். உட்காரக் கூடாது என்று சொன்னவர்கள், உட்காராமல் எப்படி வீட்டுக்குப் போவது என்று சொல்லவில்லை. பாஷா பாய் செல்போனிலேயே வழி செய்தார். ஒசூரிலிருந்து பெங்களூர் மார்க்கெட்டுக்கு ரோஜாப்பூ ஏற்றிப்போகும் வேன் ஒன்று காலியாகத் திரும்புகிறதாம், ஓட்டுநர் அவருக்குச் சொந்தம். அதன் பின்பக்கம் கோணியும் போர்வையும் விரித்து என்னைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்து என்னை உருளாமல் பிடித்துக்கொண்டாள். கசங்கிய ரோஜா இதழ்கள் மூலையெல்லாம் கிடந்தன. மாநில எல்லையை நான் வாடின பூ வாசத்தோடு தரையைப் பார்த்தபடி தாண்டினேன். வழியில் ஓட்டுநர் டீ வாங்கி வந்து, "அம்மா எப்படிக் குடிப்பாங்க?" என்று விழித்தார். மல்லிகா இளநீர்க் கடையில் ஒரு ஸ்ட்ரா கேட்டு வாங்கிப் போட்டாள். சூட்டில் ஸ்ட்ரா வளைந்துபோனது. அதற்கும் திட்டினேன். இந்தத் தடவை வாய்விட்டே திட்டினேன்.

இப்போது குப்புறப் படுத்துத்தான் இதை எழுதுகிறேன். நெஞ்சுக்கடியில் தலையணை, கீழே அட்டை. கை மரத்துப்போனால் நிறுத்திவிட்டு மறுநாள் எழுதுகிறேன். அரிசி ஊறவைப்பதும் அரைப்பதும் மல்லிகா. உப்பு கூடிப்போகிறது என்று பையன்கள் சொல்கிறார்கள், ஆனாலும் வாங்குகிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவை அவள் படம் எடுக்கிறாள். அனுப்புவதற்கு முன்னால் நான் பார்த்தாக வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். போன வாரப் படத்தில் ஓரம் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது, பள்ளம் கொஞ்சம் மேடேறியிருந்தது. மூடும் என்கிறார்கள். மூடுகிறதா என்று இனி நானே பார்ப்பேன்.

இதைப் படிப்பவர்களில் விவரம் தெரிந்தவர் யாராவது ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் சொன்னதை நான் எனக்குப் புரிந்த அளவில்தான் எழுதியிருக்கிறேன். புண்ணின் நிறம், எப்படிப் படுப்பது என்பதில் தப்பு இருந்தால் திருத்துங்கள். என்னை நம்பி யாரும் தங்கள் உடம்பில் செய்துபார்த்துவிடக் கூடாது. ஊர்ப் பெயர்களைச் சரவணனிடம் கேளுங்கள், ஷிப்ட் முடிந்த பிறகு. மல்லிகாவிடம் மட்டும் இதைத் திருத்தக் கொடுத்துவிடாதீர்கள். சீரியல் பார்த்த பத்தியில் அவள் ஏற்கெனவே பேனாவால் குறுக்கே கோடு போட்டுவிட்டாள். நான் மறுபடி எழுதிச் சேர்த்திருக்கிறேன்.